வெதுவெதுப்பாக வந்த தண்ணீர்

கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்த வருடங்களில், புவிவெப்பப் பாடம் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு கூடும்; அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறார்கள், குளிர்நாடுகளில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறார்கள், வெந்நீர் ஊற்றில் குளித்து வலி தீர்த்துக்கொள்கிறார்கள் என்று புத்தகம் சந்தோஷமாகச் சொல்லும். பிள்ளைகளும் எழுதிக்கொள்ளும். அந்தச் சூடு எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்பதை நான் வகுப்பில் சொன்னதில்லை.

எப்போதும்வென்றானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும். பெய்யாவிட்டால் கோடை முழுக்கக் குளத்தூர்ப் பக்கம் உப்பளக் கூலி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கும். அம்மா விளக்கெண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். சொந்தக் காடு வைத்துக்கொண்டு அடுத்தவன் அளத்தில் உப்பு வாருவது அவருக்கு அந்த வெடிப்பைவிட வலித்தது. மானாவாரிக் காட்டைத் தண்ணீர் பாயும் தோட்டமாக்கிவிட்டால் அங்கே போக வேண்டாம் என்று, எண்பதுகளின் தொடக்கத்தில் மாடுகளை விற்று ஆழ்துளைப் போர் போட்டார்.

மற்றவர்கள் போதும் என்று விட்டுவிடும் ஆழத்தையும் தாண்டி இறக்கச் சொன்னார். கடைசியில் தண்ணீர் வந்தது. மோட்டாரை முதன்முதலில் ஓடவிட்டது ஒரு மார்கழிக் காலை. குழாயிலிருந்து ஆவி பறந்தது. கொதிக்கவெல்லாம் இல்லை, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பதம்.

புதுத் தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பது வழக்கம். அப்பா உடைத்தார். அவருடைய அக்கா, என் அத்தை, தண்ணீரில் கையை வைத்தவள் சட்டென்று கும்பிட்டாள்.

“ஏலே தம்பி, இது தண்ணி இல்ல. ஆத்தா வந்துருக்கா. அவ உடம்புச் சூடுல்லா இது.”

அப்பா சந்தோஷத்தில் இருந்தார். சிரித்துக்கொண்டே ஆத்தாளுக்கு என்று இன்னொரு தேங்காயும் உடைத்தார். அந்த இரண்டாவது தேங்காய்தான் எங்கள் குடியைக் கெடுத்தது.

சாயங்காலத்துக்குள் குழாயில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. முதலில் உள்ளூர் மூட்டுவலிக்காரர்கள் குளிக்க வந்தார்கள். பிறகு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் என்று வந்தவர்களை விரட்டும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. குளித்தது போக மிச்சம், மழைக்கு நட்டிருந்த மிளகாய்ச் செடிக்குப் போகட்டும் என்று அப்பா நினைத்தார். சாணி எரு போட்ட பாத்தியில் ஆத்தாளைப் பாயவிடலாமா என்று பேச்சு கிளம்பியது. வாய்க்காலை மண் போட்டு மறித்தார்கள். யார் காட்டில் யார் மண் போடுவது?

“தொட்டியில நிறுத்தி ஆறவச்சுட்டுப் பாய்ச்சுதேன், சூடு போனா வெறும் தண்ணிதான” என்று அப்பா கெஞ்சினார்.

“ஆத்தாள ஆறவைக்கப் போறியளோ அண்ணாச்சி?” என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கக்கூட இல்லை.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கே தோண்டினாலும் இவ்வளவு ஆழத்தில் சூடாகத்தான் வரும் என்று அத்தையிடம் சொன்னேன்.

“அப்ப வேற எவன் கிணத்துலயும் ஏன் வரல?” என்றாள்.

வேறு எவனும் அவ்வளவு ஆழம் போகவில்லை என்ற பதிலை அவள் காதில் வாங்கவில்லை. படித்த திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊர்ப் பொல்லாப்பு வேண்டாம் என்று அப்பா என்னை அடக்கிவிட்டார்.

தை பிறந்து, பூவெடுத்து நின்ற செடி வாட ஆரம்பித்தது. குளித்த தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் கரண்ட் வந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மோட்டாரைப் போட்டு, மறித்திருந்த மண்ணை வெட்டிவிட்டு, பாத்தி பாத்தியாகப் பாய்ச்சினாள். அவள் அப்போது வீட்டுக்குத் தூரம். ஆத்தா இருக்கும் இடத்துக்கு அந்த நாட்களில் பெண்கள் போகக்கூடாது. அதெல்லாம் பார்த்தால் செடி செத்துவிடும்.

“கால் உளைச்சலுக்கு நல்லா இதமா இருக்கு, ஏட்டி” என்றாள், வாய்க்காலில் நின்றுகொண்டே. அந்தப் போரால் எங்கள் வீட்டில் ஒருவர் சுகப்பட்டது அது ஒன்றுதான்.

மாசியில் குழாய் வெறும் காற்றை ஊதியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் நாள் முழுக்க இறைத்தால் பாறை இடுக்குத் தண்ணீர் எத்தனை காலம் தாங்கும்? ஊர் அப்படி யோசிக்கவில்லை. யாரோ தீட்டோடு தொட்டிருக்கிறார்கள் என்றது. அத்தை வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“செடி வாடுச்சு மதினி” என்று மட்டும் சொன்னாள்.

ஆத்தா கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். அவளைச் சாந்தப்படுத்த அந்த இடத்திலேயே பீடம் கட்டினார்கள். பீடத்துக்கும் அதைச் சுற்றியும் இடம் விட்டதில் பாதிக் காடு போயிற்று. அம்மா அந்தப் பக்கம் வரவே கூடாது என்றார்கள். மிச்சமிருந்த பாதியில் மிளகாய் கருகி நின்றது.

பங்குனியில் அப்பா மறுபடியும் குளத்தூருக்குக் கிளம்பினார். அம்மா கம்பஞ்சோற்றைத் தூக்குவாளியில் வைத்துக் கொடுத்தாள். ஊர் என்ன சொன்னாலும் இவர் அவளை ஒரு வார்த்தை சொல்லமாட்டார் என்று நான் நம்பியிருந்தேன். வாளியை வாங்கிக்கொண்டவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ அன்னைக்குச் சும்மா இருந்திருக்கலாம்” என்றார்.

அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் தெரு திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, படித்தவள் என்று என்னிடம் கேட்டாள்:

“ஊர்க்காரவிய சொல்லுதது நெசமா இருக்குமோ, ஏட்டி?”