வலிக்காத கறுப்புப் புண்

2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டும் கதவுக் கைப்பிடியில் மாட்டிய பையில் இருந்தன. காபி ஐந்து பத்துக்கு. தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறு ஐந்துக்கு நின்றது, ஒன்பது குடம். மயிலாப்பூர் லஸ்ஸில் ஆறு ஐம்பதுக்குப் பஸ். மெட்ரோ ரயிலுக்காகச் சாலையை மறித்திருந்ததால் சுற்றிக்கொண்டு போனது. ஏழு முப்பத்தைந்துக்கு தி. நகரில் லேபைத் திறந்தேன். இன்குபேட்டர் 37 டிகிரி. ஃபிரிட்ஜ் 4 டிகிரி. இரண்டையும் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைய டைரிப் பக்கத்தின் மேல்பாதி இது. கீழ்ப்பாதியில் நாலு வரிதான் இருக்கிறது. அந்த நாலு வரிக்குள் அடங்காததை இப்போது எழுதுகிறேன்.

என் வேலை கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது. புண்ணிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பஞ்சுக் குச்சியில் எடுத்து அனுப்புவார்கள். ஆட்டு ரத்தம் கலந்த சிவப்பு அகார் தட்டில் அதைத் தீற்றி, இரவு முழுக்கச் சூட்டில் வைத்து, மறுநாள் காலை என்ன முளைத்திருக்கிறது என்று படிப்பேன். இருபத்தாறு வருடமாகப் படிக்கிறேன். கணக்குத் தப்பாமல் படிப்பேன் என்று லேபில் எனக்குப் பெயர்.

தட்டுகளில் அடிக்கடி முளைக்கும் ஒரு வகை உண்டு. பேசில்லஸ் என்பது அதன் குடும்பப் பெயர். தூசியில், பஞ்சில், ஏசி காற்றில் விதை மாதிரி உறங்கிக் கிடந்து, ஈரமும் சோறும் கிடைத்த இடத்தில் விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்யாது. பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒவ்வொரு முறையும் இதை ஒரே மாதிரி எழுதிக் கை சலித்து, பாண்டி பஜாரில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினேன். ‘காற்றிலிருந்து கலந்த மாசாக இருக்கலாம், தேவைப்பட்டால் மறுபடி மாதிரி அனுப்பவும்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. லேப் டாக்டருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தெருவை மெட்ரோவுக்காகத் தோண்ட ஆரம்பித்த பிறகு ஸ்டாம்புக்கு ஓய்வே இல்லை. அந்த வாரம் திங்கட்கிழமை மட்டும் நாலு தடவை குத்தியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினாறாம் தட்டு. கழுத்துப் புண், ஆண், வயது முப்பத்தெட்டு, சைதாப்பேட்டை. தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பெரிய, தட்டையான வட்டங்கள். தேய்த்த கண்ணாடி மாதிரி மேற்பரப்பு. ஓரங்கள் வாராத தலைமுடி போலச் சுருண்டிருந்தன. தூசிக் கிருமி தன்னைச் சுற்றியுள்ள ரத்தத்தைக் கரைத்து வெளுக்க வைக்கும். இங்கே ரத்தம் சிவப்பு மாறாமல் அப்படியே இருந்தது. கம்பி வளையத்தால் தொட்டு இழுத்தேன். தொட்ட இடம் அடித்த முட்டை வெள்ளை மாதிரி எழுந்து நின்றது, படியவில்லை. மைக்ராஸ்கோப்பில் நீளமான ஊதாக் கம்பிகள், மூங்கில் கழி போலக் கணுக்கணுவாக.

இத்தனையையும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்டாம்பை எடுத்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு அந்த ஆளின் மனைவி ரிப்போர்ட் வாங்க வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வரவேற்பில் இருந்த பெண் சாப்பிடப் போயிருந்ததால் நான்தான் கொடுத்தேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல இன்னா மேடம் போட்டு கீது?”

கெட்ட கிருமி எதுவும் வரவில்லை, தூசிதான், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவள் போகவில்லை. கேட்காமலே சொன்னாள். புருஷனுக்குத் தோல் மண்டியில் வேலை. உப்புப் போட்ட மாட்டுத் தோலைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமந்து லாரியில் ஏற்ற வேண்டும். போன வாரம் கழுத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வந்து அரித்தது. பிறகு நீர்க் கொப்புளமானது. அது உடைந்து, நடுவில் கரி அப்பின மாதிரி கறுத்துவிட்டது. இப்போது சட்டையின் மேல் பட்டன் போட முடியாத அளவுக்குக் கழுத்து வீங்கியிருக்கிறது. தோல் தூக்குகிறவனுக்குத் தோலிலேயே கண்டம் என்று மண்டியில் கேலி செய்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

“வலிச்சா ஊரக் கூட்டுவாரு மேடம், எனக்குத் தெரியாதா அவர? வலியே இல்லன்றாரு. அழுத்துனாக்கூட இல்லன்றாரு. அதான் பயமா கீது.”

“வலி இல்லேன்னா நல்லதுதானேம்மா,” என்றேன்.

நான் படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை ஆறு ஐம்பதுக்கு வீட்டில் டைரியை எடுத்தேன். நாலாவது வரியாக இப்படி எழுதினேன்: “16ஆம் தட்டு. தொட்டால் எழுந்து நிற்கிறது. மாசு.” எழுதியதைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். இரண்டாவது வாக்கியமும் மூன்றாவதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. படித்த காலத்து நோட்டுகளைப் பரணில் வருட வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். எடுக்க மூன்று நிமிடம் ஆகவில்லை. நீல மையில், என் கையெழுத்திலேயே இருந்தது. ஆந்த்ராக்ஸ், பேசில்லஸ் குடும்பம்தான், ரத்தத்தைக் கரைக்காது, தொட்டால் எழுந்து நிற்கும். மாடு ஆடுகளுக்கு வந்தால் அடைப்பான். மனிதனுக்குத் தோலில் வந்தால் அரிப்பு, கொப்புளம், நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம். கடைசியில் அடிக்கோடு போட்டிருந்தேன்: வலி இருக்காது, என்ன தொழில் என்று கேட்கவும்.

நான் கேட்கவில்லை. அவள் கேட்காமலே சொன்னாள்.

அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் வடியும், உறையாது. உடம்புக்குள் இருக்கிறவரை கிருமி வெறும் கிருமிதான். அறுத்துக் காற்றுப் பட்டதும் அது விதையாக மாறிக்கொள்ளும். பிறகு வெயிலும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது. மண்ணில் பல பத்து வருடம் கிடக்கும். ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மாட்டுக்காரனுக்குச் செத்த மாட்டில் மிஞ்சுவது தோல் ஒன்றுதான். அவன் உரிப்பான். மண்டிக்கு வந்து நூறு தோலோடு சேர்ந்துவிட்டால் எது வெட்டினது, எது செத்தது என்று யாருக்குத் தெரியும்?

நோட்டில் இதன் சரித்திரமும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஒரு நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று முதன்முதலில் காட்டியதே இதை வைத்துத்தான். ஜெர்மனியில் ஒரு சிற்றூர் டாக்டர் வீட்டு அறையில் உட்கார்ந்து, மாட்டுக் கண்ணின் நீரில் இந்தக் கம்பிகளை வளர்த்து, அவை விதையாவதையும் விதை திரும்பக் கம்பியாவதையும் பார்த்தார். பிரான்சில், புதைத்த ஆடுகளைச் சுற்றியிருந்த கிருமி மண்ணை மண்புழு மேலே கொண்டுவருவதைக் கவனித்தவர், ஊரே கூடி நிற்க ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு ஜெயித்தார். பரீட்சைக்காக இவர்கள் இருவரையும் மனப்பாடம் செய்திருந்தேன். இங்கிலாந்தில் கம்பளி பிரிக்கும் ஆலைகளில், காலையில் வேலைக்குப் போனவன் ரெண்டு மூன்று நாளில் மூச்சு முட்டிச் செத்தான். நிமோனியா என்று எழுதிப் புதைத்தார்கள். கம்பளி என்று எழுதினால் ஆலைக்கு ஆகாது. அவர்களுக்கு என் நோட்டில் ஒரு வரி கொடுத்திருந்தேன். சுமந்தவர்களுக்கும் பிரித்தவர்களுக்கும் அந்த ஒரு வரிதான்.

ஏழு இருபதுக்கு லேப் டாக்டருக்குப் போன் செய்தேன். லேப் அவருடையது. பொறுமையாகக் கேட்டார்.

“ஏம்மா, தூசிக் கிருமி நகரும், இது நகருதா இல்லையான்னு பாத்தியா?”

“இல்ல சார்.”

“பெனிசிலினுக்குச் சாகுதான்னு வெச்சுப் பாத்தியா?”

“இல்ல சார். மாசுன்னு நெனச்சு பக்கெட்ல போட்டுட்டேன். இன்னும் ஆட்டோகிளேவ்ல போட்டு அவிக்கல. தட்டு இருக்கு.”

“அப்ப எத வெச்சும்மா அந்தப் பேரச் சொல்ற? கம்பில ஒட்டிக்கிச்சுன்னா? முப்பது வருஷத்துல நான் ஒண்ணு பாத்ததில்ல. அந்தப் பேரு வெளிய போச்சுன்னா நாளைக்கு டிவிக்காரன் வாசல்ல நிப்பான். அப்புறம் எவன் இங்க ரத்தம் குடுக்க வருவான்? நீ குத்தின ஸ்டாம்பு, நீ போட்ட கையெழுத்து. காலைல மொத வேலையா ஆட்டோகிளேவப் போட்டுரு.”

அவர் கோபமாகப் பேசவில்லை. என் நன்மைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

சரி சார் என்றேன்.

ஏழே முக்காலுக்கு, படிவத்தில் இருந்த எண்ணில் அவளைக் கூப்பிட்டேன். உடனே அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தோல் தூக்குகிற வேலை என்று மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன்.

“காலைலதான ஒண்ணுமில்லன்னீங்க?”

எதற்கும் காட்டுவது நல்லது என்றேன்.

“இன்னா நோவுன்னு கேட்டா இன்னான்னு சொல்றது மேடம்?”

அந்தப் பெயர் என் வாயில் இருந்தது. “அவங்களே பாத்துச் சொல்லுவாங்கம்மா,” என்றேன்.

“தூங்கினு கீறாரு. வலி இல்லாத மனுசன எழுப்பி ஆஸ்பத்திரிக்கு வான்னா வருவாரா? காலைல இட்டுனு போறேன்.”

மயிலாப்பூரிலிருந்து சைதாப்பேட்டை ஆட்டோவில் இருபது நிமிடம். நான் போகவில்லை. எட்டு மணிக்குத் தோசை ஊற்றினேன், இரண்டு.

அவர்கள் புதன்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோல் வேலை என்று அவள் சொல்லியிருக்கிறாள். டாக்டர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். மாசு என்று ஸ்டாம்பு இருந்தது. சாதாரண வீக்கம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். வியாழக்கிழமை இரவு கழுத்து மூச்சுக் குழாயை நெரிக்கும் அளவுக்கு வீங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அப்போது ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பழைய பெனிசிலினுக்கே அடங்கும் கிருமி இது. ஆனால் அது ரத்தத்தில் பெருகி நஞ்சைக் கொட்டிவிட்டால், மருந்து கிருமியைக் கொல்லும், நஞ்சைத் தொடாது. சனிக்கிழமை காலை அவர் இறந்தார். ரத்தத்தில் கிருமித் தொற்று என்று சான்றிதழ். எந்தக் கிருமி என்று அதில் இல்லை.

அடுத்த வாரம் அவள் ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வந்தபோது இதெல்லாம் தெரிந்தது. நகல் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாம்பு மூலத்தை விடத் தெளிவாக விழுந்திருந்தது. அவள் தாளை மடித்துக்கொண்டு, “நீங்க ஒருத்தராவது போன் பண்ணிச் சொன்னீங்க மேடம். நாங்கதான் கேக்கல,” என்றாள். நான் தலையாட்டினேன். மண்டியில் அவர் இடத்துக்கு அவள் தம்பியைக் கேட்டிருக்கிறார்களாம். அனுப்பாதே என்று நான் தடுக்கவில்லை. சொல்வதற்குக் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதும் டைரியில் இருக்கிறது.

2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போய் ஆறு ஐம்பதுக்கு லேபைத் திறந்தேன். யாரும் வந்திருக்கவில்லை. பக்கெட்டில் பதினாறாம் தட்டு மேலேயே இருந்தது. மூடியில் என் கையெழுத்தில் எண். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வட்டங்கள் ராத்திரிக்குள் இன்னும் கொஞ்சம் பரவியிருந்தன. திரும்ப வைத்து, பையை இறுக்கிக் கட்டி, ஆட்டோகிளேவில் வைத்து மூடியை முடுக்கினேன். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். தூசிக் கிருமிக்கு இருபது நிமிடம் போதும். முப்பது வைத்தேன்.