பிளக் யார் கையில்?

கடந்த செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். வெளியே நல்ல மழை. போன் அடித்தது.

நான் வேலை செய்யும் தனியார் வைத்தியசாலைக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்று டவுனில். மற்றது வாவிக்கு அந்தப் பக்கம், நாவற்குடாவில். கட்டடத்துக்கு ஒரு கணினி சேர்வர். டவுன் சேர்வரில்தான் நோயாளர் விபரம் எல்லாம் பதிவாகும். நாவற்குடா சேர்வர் அதைப் பிரதி எடுத்தபடி காத்திருக்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவது பொறுப்பெடுக்க வேண்டும்.

இலகுவாகத் தெரிகிறதா? ஆபத்து முதலாவது விழுவதில் இல்லை... விழாததை விழுந்துவிட்டதாக நினைப்பதில்தான். அப்போது இரண்டிலும் பதிவு நடக்கும். ஒரே நோயாளிக்கு இரண்டு கதை. பிறகு எது உண்மை என்று யார் சொல்வது?

அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தொலைவிலிருந்து சேர்வரை நிறுத்த முடியாவிட்டால், ஒருவர் நேரில் போய் டவுன் சேர்வரின் பிளக்கைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு, "பிளக் கையில" என்று போனில் சொல்ல வேண்டும். அதன் பிறகே நாவற்குடா பொறுப்பெடுக்கும். வழக்கத்தை உண்டாக்கியவன் நான். ஆகவே என் பெயர் 'பிளக் சேர்'.

அன்று இரண்டு கட்டடங்களுக்கும் இடையிலான கேபிள் அறுந்துவிட்டது; அது அப்போது எங்களுக்குத் தெரியாது. நாவற்குடாவில் திரைகள் உறைந்து நின்றன. அங்கே சேர்வருக்குப் பொறுப்பு என் சக ஊழியர் ஜெசிந்தா; என்னை அழைத்தது அவர்தான். பக்கத்தில் முகாமையாளர் கத்துவது போனில் கேட்டது.

"மாத்திவிடுங்க புள்ள! வாட்டுல ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்காங்க!"

"பிளக் சேர் சொல்லட்டும் சேர்."

போன் முகாமையாளர் கைக்குப் போனது. "அண்ணன், டவுன் சேர்வர் செத்துத்தான் கிடக்கும். பிளக் கையில எண்டு சும்மா ஒரு சொல்லுச் சொல்லுங்களன்."

நான் வாய் திறக்குமுன் ஜெசிந்தாவின் குரல்: "அவர்ர கையில இப்ப சோறுதான் இரிக்கு சேர்!"

கை கழுவி, மழையில் மோட்டார் சைக்கிளை விட்டேன். சேர்வர் அறையைத் திறந்தால்... சேர்வர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. டவுன் தாதிமார் வழக்கம்போல் அதில் பதிந்துகொண்டிருந்தார்கள்.

"ஜெசிந்தா, பிளக் சுவரில. ஆள் உயிரோட."

"அப்ப நான் தொட மாட்டன்."

அந்த நேரம் தேற்றாத்தீவுத் தையல்காரர் ஒருவர் டவுனிலிருந்து அம்புலன்சில் நாவற்குடா வாட்டுக்கு வந்திருந்தார். டொக்டர் இன்சுலின் எழுதியது கேபிள் அறுவதற்கு முன். அது இரண்டு சேர்வரிலும் இருந்தது. ஊசி போட்டது டவுனில், கேபிள் அறுந்த பிறகு. அந்தப் பதிவு டவுன் சேர்வரில் மட்டும். ஜெசிந்தா மாற்றியிருந்தால் நாவற்குடாத் திரை என்ன சொல்லியிருக்கும்? 'ஊசி இன்னும் போடவில்லை.' தாதி நம்பிப் போட்டிருப்பார். இரண்டாவது ஊசி... மேலே எழுத மனம் வரவில்லை.

திரை உறைந்திருந்ததால் தாதி டவுனுக்குப் போன் போட்டார். "ஓம், போட்டுத்தான் அனுப்பின நாங்க" என்று பதில் வந்தது.

மாலையில் கேபிள் சரியானதும் நாவற்குடாவுக்குப் போய் இரண்டு சேர்வரையும் ஒப்பிட்டேன். ஓர் எழுத்துப் பிசகில்லை. முகாமையாளர் தன் கையாலேயே ஜெசிந்தாவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஓடிச் செய்தவரை ஊரே மெச்சும். செய்யாமல் நின்றவருக்கு யார் மாலை போடுவது? இந்த வாரம் இந்தப் பத்தியில் நான் போடுகிறேன்.

வீட்டுக்குப் போகுமுன் வாட்டை எட்டிப் பார்த்தேன். தையல்காரர் தாதியோடு சண்டை. "ஊசி போட்டாச்சா எண்டு மட்டும் ரெண்டு பக்கமும் கேக்கிறீங்க. இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேக்க ஒருத்தருமில்ல!"

ஒரு மனிதர் பசியில் கத்துவதை இவ்வளவு பெருமையோடு நான் கேட்டதில்லை.