நயினாரின் தொட்டி

ஸ்ரீபாலன் தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்கமாட்டார். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம், ஊருக்கு அவர் நயினார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடத் தன்னால் சாகக்கூடாது. அப்படிப்பட்டவர் டீசல் வியாபாரத்தில் இறங்கியதை ஊர் கேலி செய்தது. வயலெங்கும் பம்புசெட்டுகள் பெருகிய காலம் அது. பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் இரண்டு டீசல் டேங்குகளை நிறுத்தினார். பக்கத்திலேயே மாணிக்கவாசக முதலியாரின் சாயப்பட்டறை. அதற்கப்பால் தறி வீடுகள், எல்லாம் கீற்றுக் கூரை.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு எண்ணெய்க் கம்பெனி அதிகாரி இரண்டு வழி சொன்னார். நுரை பீய்ச்சும் கருவி வாங்கலாம். எரிகிற எண்ணெயை அது மூடி அணைக்கும். இல்லாவிட்டால் டேங்கைச் சுற்றி, ஓட்டை போட்ட குழாயை வளையமாக மாட்டித் தண்ணீரை வழியவிடலாம். அது தீயை அணைக்காது, டேங்கைச் சூடேறாமல் காக்கும். இரண்டும் செய்ய ஸ்ரீபாலனுக்கு வசதியில்லை.

"கீழ பத்திக்கினா மணலைப் போட்டுக்கலாம். டேங்க் வெடிச்சா தெருவே போயிடும். வளையமே போடுங்க," என்றார்.

அதற்கென்று பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினார். குழாய் ஓட்டைகள் அடைபடக்கூடாதென்று அந்தத் தண்ணீரையும் துணி பிடித்து வடிகட்டித்தான் நிரப்பினார். பழக்கம் எங்கே போகும்?

அடுத்த வருஷமே வறட்சி. கிணறுகள் வற்றின. கல்யாணப் பட்டுக்கு நூல் அலசத் தண்ணீரில்லாமல் மாணிக்கவாசகம் குடத்தோடு வந்து நின்றார்.

"பத்துக் குடம் குடு நயினாரே. சும்மாத்தானே கெடக்குது?"

"சும்மா கெடக்கறதுக்குத்தான் வச்சிருக்கேன் முதலியாரே. எடுக்கக்கூடாது."

எறும்புக்கு இரங்குகிறவன் மனுஷனுக்கு இரங்கவில்லை என்று மாணிக்கவாசகம் தெருவெல்லாம் சொன்னார். மாட்டுவண்டியில் தண்ணீர் வாங்கிச் சாயம் கலந்தார். இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஸ்ரீபாலனுக்கு வலித்தது, ஆனாலும் தொட்டிப் பக்கம் யாரையும் விடவில்லை.

வைகாசியில் ஒரு பகல், டீசல் இறக்கிக்கொண்டிருந்த லாரி தீப்பிடித்தது. ஸ்ரீபாலன் தொட்டியின் பம்பு இஞ்சினைக் கிளப்பி டேங்குகள்மேல் தண்ணீரைத் திறந்தார். எரிகிற லாரியை விட்டுவிட்டு எரியாத டேங்கைக் குளிப்பாட்டுகிறாரே என்று கூட்டம் திட்டியது. லாரிமேல் தண்ணீர் வீசப் போனவர்களை, எரியும் டீசல் தண்ணீரோடு தெருவுக்கு ஓடிவிடும் என்று தடுத்து மணல் அள்ளவைத்தார்.

தீயணைப்பு வண்டியைக் காணோம். தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய் அடி தெரிந்தது. அப்போது பட்டறைக் கதவு திறந்தது. மாணிக்கவாசகமும் ஆட்களும், ஆறிப்போன அரக்குச் சாயத்தைக் கொப்பரை கொப்பரையாகத் தொட்டிக்குத் தூக்கி வந்தார்கள்.

"வடிகட்டி ஊத்துங்கப்பா," என்றார் ஸ்ரீபாலன்.

இந்த நேரத்திலும் பூச்சியைப் பார்க்கிறாரே என்று மாணிக்கவாசகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் குழாய் ஓட்டைகள் நினைவுக்கு வந்தன. தோளில் கிடந்த துண்டை உதறி விரித்துப் பிடித்தார்.

வண்டி வந்து சேரும்வரை டேங்குகள்மேல் அரக்குத் தண்ணீர் வழிந்தது. லாரி கரிந்துபோனது. டேங்குகள் தப்பின, ஒரு கூரைகூடப் பற்றவில்லை.

மறு கோடையிலும் கிணறுகள் வற்றின. மாணிக்கவாசகம் குடத்தோடு வந்தார். ஸ்ரீபாலன் தலை நிமிராமல், மறுபடியும் இல்லை என்றார். மாணிக்கவாசகம் திரும்பிப் போகும்போது, தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.