கல்லருகே நின்றவர்

"மாத்தாதேங்கோ!" என்று பரமேஸ்வரி ரீச்சர் கத்தியபோது, அடுத்த படத்துக்கு மாற்ற என் கை புரொஜெக்டரின் மேல் இருந்தது.

யுத்த காலம். திருகோணமலையில் துறைமுகத்தை அண்டிய ஒரு நூலகத்தில் நான் உதவியாளராக இருந்தேன். எங்கள் வரலாற்றுச் சங்கம் மாதத்தில் ஒரு மாலை அங்கே கூடும். ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு சேர வேண்டும். அதனால் வெயில் இருக்கும்போதே யன்னல்களைத் துணியால் மூடிப் பேச்சைத் தொடங்கிவிடுவோம். கப்பல்களைத் தகர்க்கச் சுழியோடிகள் நீந்தி வராதபடி துறைமுகத்தில் கடற்படையினர் தண்ணீருக்கடியில் வெடி போடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் திரையிலுள்ள படம் நடுங்கி நிற்கும்.

அன்று பேசியவர் சிவபாதம், குளத்து வேலைகளைப் பார்க்கும் ஓவசியர். ஈச்சிலம்பற்றுப் பக்கம் பற்றைக் காட்டுக்குள் கண்ட எழுத்துக் கல்லொன்றை ஸ்லைடாக எடுத்து வந்திருந்தார். படத்தில் அந்தக் கல்லில் கை ஊன்றியபடி ஒருவர் நின்றார். வெயிலில் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அது எங்கட இவர்," என்றார் ரீச்சர். அவருடைய கணவர் குலசேகரம், முந்தின வருடம் வெருகலுக்குப் போன வழியில் காணாமற்போனவர்.

சிவபாதம் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ரீச்சர், நான் தனியத்தான் போனனான். அங்க ஒருத்தரும் நிக்கேல்லை."

"அப்ப இது ஆர்?"

வெளியே வெடி கேட்டது. திரையில் நின்றவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தது போலிருந்தது.

மூடியிருந்த பாதையை இராணுவம் திறந்ததும் நாங்கள் மூவரும் லோஞ்சில் கடலைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து உழவு மெசினின் பின்னால் கொளுவிய பெட்டியில் ஏறிப் போனோம். கல் நின்றது. ஆள் இல்லை. ஆனால் படத்தில் அவர் கை ஊன்றியிருந்த இடத்தில் மட்டும் பாசி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பக்கத்துக் குடிசைப் பெண்ணிடம் விசாரித்தோம்.

"ஓம், ஒருத்தர் வாறவர். சத்தமில்லாமல் வந்து நிப்பார். கதைக்கமாட்டார். சோறு வைச்சால், நாங்கள் உள்ள போனாப் பிறகுதான் எடுப்பார்."

"எந்த ஊர்?"

"ஆருக்குத் தெரியும்? இப்ப எத்தனை பேர் இப்பிடித் திரியினம்."

ரீச்சர் திரும்பி வர மறுத்துவிட்டார். "நீங்கள் போங்கோ. நான் அவரோட வாறன்."

சொன்னபடியே வந்தார். சில வாரங்களின் பின், சங்கக் கூட்டத்துக்கு ஒருவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசைக் கதிரையில் இருத்தினார். உடம்பில் குலசேகரத்தின் சேட்டு. புதிதாக வெட்டிய தலைமயிர். எல்லோரும் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்தார்கள். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

குலசேகரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மர ஆலையில் வலக்கைச் சுட்டுவிரலின் நுனியை இழந்தவர். கோப்பையைப் பிடித்திருந்த வலக்கையில் எல்லா விரல்களும் முழுதாக இருந்தன.

நிமிர்ந்தேன். சிவபாதமும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கல்லை மட்டும்தான் பாத்திருக்கிறன்," என்றார் சிவபாதம், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த நூலக வேலையில் நான் படித்த பாடம் இதுதான். பிறகு எவர் படம் கொண்டுவந்தாலும், கல்லைப் பற்றிக் கேட்பதற்கு முன் பக்கத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்பேன். முதன்முதலாகக் கேட்டது அன்று, அந்த முன்வரிசைக் கதிரையில் இருந்தவரிடம்தான்.

"ஐயா, உங்கட பேர் என்ன?"

அவர் ரீச்சர் திரும்பும்வரை காத்திருந்து, அந்த முகத்தைப் பார்த்தார்.

"குலசேகரம்," என்றார்.