காட்டெருதுக்கு ஒரு வாழைப்பழம்

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நொஷாட்டலில் ரயில் ஏறினேன். சூரிச்சுக்கு ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து எஸ்-4 ரயிலில் அட்லிஸ்வில் கால் மணித்தியாலம். கைப்பையில் என் சிவப்பு சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு அது தேவையே இல்லை. தம்பி தயாபரன் பார்த்துத் தெம்படையட்டும் என்றுதான் எடுத்துவந்தேன்.

அட்லிஸ்வில்லில் அவனுக்கு இது பத்தொன்பதாவது வருடம்; உணவகமொன்றில் சமையல் வேலை. வருகிற வியாழன் அவனுக்குக் குடியுரிமைப் பேட்டி, இரண்டாம் தடவை. முதல் தடவை, உங்கள் ஊரருகே பார்க்க என்னென்ன உண்டு என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு வேலைக்குப் போகவே நேரம் சரி என்று சொல்லிவிட்டு வந்தவன் இவன். இந்த முறையும் தவறினால் இனி விண்ணப்பிப்பதே இல்லை என்ற முடிவோடு இருந்தான். புத்தகத்தை மனப்பாடம் செய்தால் போதாது, நேரில் போய்ப் பார் என்பது என் கட்சி. நான் முதல் தடவையிலேயே தேறியவள். ஆலோசனை சொல்வதற்குக் கேட்கவா வேண்டும்!

பத்தரைக்கு அட்லிஸ்வில் முருகன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை. பிறகு அதே எஸ்-4 ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி வில்ட்பார்க்-ஹொஃப்லியில் இறங்கி, காட்டுப் பாதையில் இருபது நிமிட ஏற்றம். சூரிச் நகரத்துக்குச் சொந்தமான வனவிலங்குப் பூங்கா இது. நுழைவு இலவசம்.

"ஒருநாளும் வந்து பாக்கேல்லையோடா?"

"ரயிலிலை போகேக்கை பேர்ப்பலகையைப் பாத்திருக்கிறன் அக்கா."

பன்னிரண்டரைக்குக் காட்டெருதுகளின் வேலியருகே நின்றோம். எண்ணினேன், எட்டு. தோளில் திமில், தாடி, சின்னக் கண். குளிர்காலத்து மயிர் உதிரும் பருவம். பழைய மெத்தையிலிருந்து பஞ்சு பிதுங்குவதுபோல உடம்பெல்லாம் தொங்கியது. ஒரு கன்று தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது. மழை பெய்த மாட்டுக்கொட்டிலின் மணம். எனக்கு மனம் நிறைந்துபோனது.

கோயில் கும்பிட்டு வந்த கை. எதிரே கன்றும் தாயும். அர்ச்சனைத் தட்டில் கிடைத்த வாழைப்பழத்தை உரித்து வேலிக்குள் நீட்டினேன். யோசித்துச் செய்ததல்ல.

"அக்கா! கையை எடுங்கோ!" தயாபரன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "குடுக்கக் கூடாதெண்டு எவ்வளவு பெரிசா எழுதியிருக்கு!"

பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற வயதான சுவிஸ் பெண்மணி என்னை முறைத்தார். நொஷாட்டலில் பேசுவது பிரெஞ்சு; எனக்கு அது மட்டும்தான் தெரியும். தயாபரன் அவருடன் சூரிச் ஜெர்மனில் மளமளவென்று கதைத்தான். அவர் முகம் இளகி, கடைசியில் வாய்விட்டே சிரித்தார்.

"என்னடா சொன்னனீ?"

"அக்கா நொஷாட்டலிலையிருந்து வந்தவ, அந்தப் பக்கத்து ஆக்களுக்கு எங்கட சட்டம் விளங்காது எண்டன்."

அவர்கள் இருவரும் இன்னும் பத்து நிமிடம் கன்றைப் பற்றிக் கதைத்தார்கள். நான் வாழைப்பழத்தை நானே தின்றுகொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. இவனுக்கா தெம்பு கொடுக்க வந்தேன்?

நாலு மணி ரயிலில் சூரிச்சிலிருந்து திரும்பினேன். எங்கள் நொஷாட்டலில் ஏரி உண்டு, அன்னங்கள் உண்டு. அவற்றுக்கும் எதையும் போடக் கூடாதோ என்னவோ, நான் ஒருநாளும் பலகையைத் தேடி வாசித்ததில்லை. கடவுச்சீட்டு கைப்பையிலேயே கிடந்தது. அவனிடம் அதைக் காட்ட மறந்தே போனேன்.

வியாழன் மாலை தொலைபேசி அடித்தது.

"அக்கா, சரியெண்டிட்டினம்!"

கண் கலங்கிவிட்டது. "காட்டெருதைப் பற்றிக் கேட்டவையோ?"

"இல்லை. லீவு நாளிலை என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டவை. பூங்காவுக்குப் போனன், ஒராள் மிருகத்துக்கு வாழைப்பழம் குடுக்க வெளிக்கிட்டா, நான் மறிச்சனான் எண்டன். எல்லாரும் சிரிச்சவை."

"ஆரெண்டு சொன்னனீ?"

"ஒரு சுவிஸ் பிரஜை எண்டு சொன்னன்."