எல்லோரும் கையைத் தூக்கினார்கள்

ஆயுத பூஜை அன்று, கையில் சுண்டல் தட்டோடு நான் நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஷெட் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் திடீரென்று எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். கற்பூரம் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். தட்டை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கும்பிடுவது என்று கவலை வேறு!

அவர்கள் சாமி கும்பிடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு டிப்பர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

நடந்த இடம் கும்மிடிப்பூண்டி. அங்கே தொழிற்சாலைக்கு ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் அதில் சைட் இன்ஜினீயர். பூஜைக்கு எல்லோருடைய குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆசை ஆசையாக மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால், கேட்டிலேயே என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டார் மனிதர். "பூ நசுங்குதுங்க" என்றேன். "தல நசுங்காது இல்ல?" என்றார்.

டிப்பரை ஓட்டும் டில்லிபாபு அன்று விடியலிலேயே வண்டியைக் குளிப்பாட்டிவிட்டார். பிறகு அலங்காரம். வட்டமாக எது கண்ணில் பட்டாலும் சந்தனம், குங்குமம். ஹெட்லைட்டுக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார்... பின்பக்கம் இருந்த ரிவர்ஸ் கேமராவையும் விடவில்லை. அதன் கண்ணிலேயே தாராளமாக ஒரு பொட்டு! பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டிலும் சாமந்தி மாலை. ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, ரிவர்ஸ் ஹாரன் சத்தம் வெளியே கேட்காத அளவுக்கு. தினமும் பின்னால் நின்று விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்லும் ஆள் அன்று பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டார்.

பண்டிகை என்றால் விதிகளுக்கும் லீவு விட்டுவிடுகிறோம், இல்லையா?

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் எடுத்து நசுக்கினார் டில்லிபாபு. கைதட்டல். பிறகு பழைய இடத்துக்கே பின்னால் எடுத்தார். கூட்டம் முழுவதும் வண்டிக்கு முன்னால். பின்னால் நான் மட்டும், ஷெட்டில் இருந்த பெண்களுக்குச் சுண்டல் கொண்டுபோகிறேன்.

கையைத் தூக்கும் விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த சைட்டில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று எல்லாம் உண்டு. "நிறுத்து" என்று எந்த பாஷையில் கத்துவது? கத்தினாலும் மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆபத்து என்று தோன்றினால் யாராக இருந்தாலும் இரண்டு கைகளையும் தூக்கலாம். அதைப் பார்க்கிறவரும் தூக்க வேண்டும், அவரைப் பார்க்கிறவரும் தூக்க வேண்டும். வேலை நிற்கும்வரை "ஏன்?" என்று யாரும் கேட்கக் கூடாது.

முதலில் தூக்கியவர் சுகுணா. ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் சித்தாள். அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர்கள். ஓரமாக நின்ற கம்பி கட்டுகிறவர்கள். அவர்களைப் பார்த்து, வண்டிக்கு முன்னால் இருந்த கூட்டம். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். எதற்காகத் தூக்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது. வண்டிக்குப் பின்னால் நிற்பது தன் மனைவி என்றும் தெரியாது. தூக்கினார், அவ்வளவுதான்.

டில்லிபாபுவின் கண்ணுக்குத் தெரிந்தது முன்னால் இருந்த அந்தக் கைகள் மட்டும்தான். பிரேக் போட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தச் சந்தனப் பொட்டு இருந்தது.

சுண்டல் தரையில். டில்லிபாபு இறங்கி ஓடிவந்து என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தாங்கா வச்சேன்... பெருசா இருக்கட்டும்னு நான்தாங்கா வச்சேன்" என்று அழுகை. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் தெளிந்ததும் நான் சுகுணாவிடம் போனேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. "உன்னாலதான் உயிரோட இருக்கேன்" என்றேன்.

அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"இன்னாக்கா நீ... போன மாசம் கான்கிரீட் போட சொல்லோ, கம்பில தொங்கினு இருந்த சொக்காவ பாத்து, யாரோ ஆளு மாட்டிக்கினான்னு நெனச்சி கைய தூக்கிட்டேன். அத்தினி பேரும் வேலைய வுட்டுட்டு நின்னாங்க. போய் பாத்தா வெறும் சொக்கா! மேஸ்திரி மொறச்சிக்கினே இருந்தாரு. இன்ஜினீயர் சாருதான் வந்து, 'நிறுத்தனதுக்கு தேங்க்ஸும்மா'ன்னாரு. அன்னிக்கி அவரு ஒரு வார்த்த திட்டியிருந்தா, இன்னிக்கி நான் யோசிச்சிக்கினு குந்தினு இருந்திருப்பேன்க்கா. எதுக்கு திரும்பியும் பேஜாருன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆள் என்று நினைத்து நிறுத்திய அந்தச் சட்டைக் கதை எனக்கும் தெரியும். அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து புலம்பிய புலம்பல் இருக்கிறதே! பம்ப் நின்று, கலவை இறுகி, பாதி நாள் வேலை போச்சு என்று ஒரே பொருமல். "அதுக்குப் போய் நான் தேங்க்ஸ் சொல்லிக்கினு வரேன்" என்றார். "சிரிச்சுக்கினே சொன்னீங்களா?" என்று சீண்டினேன். "எங்க சிரிக்கறது? பல்லக் கடிச்சுக்கினு சொன்னேன்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். "கேஸ் வாசனை வருதும்மா" என்று மகள் சொல்கிறாள். ஓடிப்போய்ப் பார்க்கிறோம், ஒன்றுமில்லை. என்ன சொல்கிறோம்? "உனக்கு இதே வேலையாப் போச்சு!" அடுத்த முறை நிஜமாகவே வாசனை வந்தால் அந்தப் பெண் வாயைத் திறப்பாளா? வாசலுக்கு வாசல் பாதுகாப்பு போர்டு மாட்டி வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் போர்டுக்குக் கை கிடையாதே... சுகுணாவுக்குத்தானே இருக்கிறது!

சுகுணாவுக்கும், அவரைப் பார்த்துக் கை தூக்கிய பெயர் தெரியாத எல்லோருக்கும், காரணம் கேட்காமல் பிரேக் போட்ட டில்லிபாபுவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இந்த வாரப் பத்தியில் இதைத் தவிர வேறு எதையும் எழுத எனக்கு மனமில்லை.

உங்களுக்காக யாராவது தப்பாகப் பயந்தால் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். சிரித்த முகத்தோடு சொன்னால் நல்லது. முடியவில்லையா? பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லுங்கள் — அப்படிச் சொன்ன ஒரு நன்றியால்தான் நான் அன்று வீடு வந்து சேர்ந்தேன்.