துக்க வீட்டு அப்பம்

ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில் இஸபெல் கெடெஸை அறியாதவர் குறைவு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. எஞ்சிய பொழுதெல்லாம் நாட்டு விடுதலை கேட்கும் தேசியக் கட்சியின் எங்கள் கிளைக்கு. மழையில் நனைந்து துண்டறிக்கை கொடுப்பவரும் கூட்டத்திற்கு நாற்காலி போடுபவரும் அவர்தாம். எட்டு நாற்காலிகளுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

ஸ்காட்லாந்தின் விடுதலைக்கான வாக்கெடுப்பில் நாங்கள் தோற்றோம். இனிக் கிளை எதற்கு என்று மூத்தவர்கள் சோர்ந்தனர். அடுத்த செவ்வாய் மாலை கூடிக் கலைத்துவிடுவதென முடிவாயிற்று. பாதி வாழ்நாளை அதற்கே கொடுத்த இஸபெல் எதிர்த்துப் பேசவில்லை, அடுப்பை மூட்டினார். அடக்கம் முடிந்து வருவோருக்கு மாட்டிறைச்சியை உள்ளே வைத்து மூடிச் சுட்ட அப்பம் பரிமாறுவது எங்கள் வழக்கம். அதையே எட்டுப் பேருக்குச் சுட்டார்.

தட்டைச் சுமந்து வந்தவர் அவருடைய தம்பி டகி. கப்பல் பட்டறைத் தொழிலாளி. பாட்டன் காலத்திலிருந்தே, விடுதலையை எதிர்க்கும் தொழிற்கட்சியைச் சேர்ந்த குடும்பம். வாக்கெடுப்பில் தாம் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை வீட்டில்கூடச் சொல்லாதவர். கேலிக்கு மட்டும் குறைவில்லை.

"செத்தது உங்க கட்சி. ஆனா சாப்பாடு நல்லாத்தான் மணக்குது, அக்கா."

"பொணம் தூக்குற ஆளு பேசாம நட."

கூட்டம் நடக்கும் பந்தாட்ட மன்றத்தின் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. அங்கே வாரந்தோறும் நடக்கும் பிங்கோ எனும் எண் ஆட்டம் நாளைக்குத்தான் என்று இஸபெல் பணிவாகச் சொல்லி, அவர்களைத் திருப்பியனுப்ப முயன்றார்.

முன்னால் நின்ற செவிலிப்பெண் நகரவில்லை. "பிங்கோவுக்கு வரலைங்க. கட்சியில சேர வந்திருக்கோம். தோத்துட்டோம்னு விட்டுட முடியலை."

நாற்காலிகள் தீர்ந்தன, சுவரோரமும் நிறைந்தது. கிளையைக் கலைக்கும் தீர்மானத்தைத் தலைவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இஸபெல் அப்பத்தை விரல்நுனி அளவாக நறுக்கி நீட்டிக்கொண்டே போனார். துக்க வீட்டுப் பண்டமாயிற்றே என்று யாரோ முணுமுணுத்தபோது, டகி குறுக்கிட்டார்.

"ஏன், புத்தாண்டு அன்னிக்கும் நாம இதைத்தானே சாப்பிடறோம்?"

இஸபெல் நிமிர்ந்து பார்த்தார். தம்பி வரிசையின் கடைசியில் நின்றிருந்தார்.

"அங்க என்னடா பண்றே?"

"சேரத்தான். அன்னிக்கும் விடுதலைக்கு 'ஆமா'ன்னுதான் குத்தினேன். அப்பாவுக்குக் கேட்டுடுமோன்னு வெளிய சொல்லலை."

அவர்களுடைய தந்தை இறந்து பல ஆண்டுகளாயின. இஸபெல் வெகுநேரம் சிரித்தார்.

மறு ஆண்டு மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி மட்டுமன்று, ஏறக்குறைய ஸ்காட்லாந்து முழுவதுமே எங்கள் வசமாயிற்று. அந்த வாரமும் இஸபெல் அப்பம் சுட்டார். ஒரு தட்டன்று, அடுப்பு கொண்ட மட்டும். சுமந்து வந்தவர் டகிதான். இம்முறை அவர் சட்டையில் எங்கள் கட்சியின் மஞ்சள் நாடாப்பூ இருந்தது.